பாடசாலை மேடைக்கு யூத இனப்படுகொலை பற்றிய நாடகம்: எதைத் தெரிவு செய்யலாம்?

கேள்வி
எழுதியவர்: நாடகமும் அரங்கியலும் பாட ஆசிரியர், முல்லைத்தீவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாடசாலை நாடக மன்றம் அடுத்த தவணையில் மேடையேற்றுவதற்காக, யூத இனப்படுகொலையைப் பொருளாகக் கொண்ட நாடகம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். யோசனை பிள்ளைகளுடையது. தரம் பத்திலும் பதினொன்றிலும் படிக்கும் மாணவிகள் சிலர், நாசிகளிடமிருந்து ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைத் தமிழ் மொழிபெயர்ப்பில் கைமாற்றிக் கைமாற்றி வாசித்துவிட்டு, இதை நாங்கள் நடிக்கலாமா சேர் என்று வந்து நின்றார்கள். அதிபரும் மறுப்புச் சொல்லவில்லை. பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டுத் தொடங்குங்கள் என்று மட்டும் சொன்னார்.

எங்களிடம் உள்ள வசதிகளைச் சொல்லிவிடுகிறேன். நடிக்க ஆவலோடு இருபது பிள்ளைகள்வரை இருக்கிறார்கள். அவர்களில் பெண்பிள்ளைகளே அதிகம். மண்டபம் அரைச்சுவரோடு மூன்று பக்கமும் திறந்தது. அதை இருட்டாக்க முடியாது என்பதால் ஒளியமைப்பை நம்பிய நாடகம் எதுவும் சரிவராது. ஒரு மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும். உரிமைக் கட்டணம் செலுத்த மன்றத்தில் காசு இல்லை.

இவற்றைவிட என்னைத் தயங்கவைப்பது பார்வையாளர்கள். முன்வரிசையில் வந்து அமரப்போகும் தாய் தந்தையரில் பெரும்பாலானோர் 2009 இல் மாத்தளனிலிருந்தும் முள்ளிவாய்க்காலிலிருந்தும் வெளியேறி, மெனிக் பாம் முகாமின் கூடாரங்களில் இருந்து, பின்னர் ஊர் திரும்பியவர்கள். மேடையில் நிற்கப்போகும் பிள்ளைகள் அதன் பின்னர் பிறந்தவர்கள். பதுங்குகுழியை அவர்கள் கதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள், அதுவும் பேசுகின்ற வீடுகளில் மட்டும். ஒளிந்திருத்தல், தேடிவருதல், ஏற்றிக்கொண்டு போதல் ஆகியவற்றை மேடையில் காட்டுவது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாக முடிந்துவிடக்கூடாது என்பதே என் கவலை.

நண்பரான சக ஆசிரியர் ஒருவர், யூதர் என்ற பெயரை எடுத்துவிட்டு நம்முடைய கதையாகவே மாற்றி எழுதிவிடலாமே என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஹிட்லரின் நாசி அரசால் 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் சிறுவர்கள். அவர்களுடைய கதையை இரவல் வாங்கி நம்முடையதைச் சொல்வது அவர்களுக்கும் நியாயமாகாது, நமக்கும் நியாயமாகாது. நம்முடையதைச் சொல்வதென்றால் நேரே சொல்ல வேண்டும். பிள்ளைகளில் ஒரு பகுதியினர், நாசி முகாம் அதிகாரியின் மகன் கம்பிவேலிக்கு அப்பாலுள்ள யூதச் சிறுவனோடு நட்பாகும் 'கோடுபோட்ட பிஜாமா அணிந்த சிறுவன்' திரைப்படத்தைக் கைபேசியில் பார்த்திருக்கிறார்கள். அதையே நாடகமாக்கலாம் என்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற நாடக ஆசிரியை, கிளிநொச்சி

சேர், பிள்ளைகள் தாமாகவே கேட்டு வந்திருக்கிறார்கள் என்பது பெரிய விடயம். அந்த ஆவலை அணைத்துவிடாமல் பிரதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் அவர்கள் கேட்ட நாடகத்தைப் பார்ப்போம். நாட்குறிப்பை நாடகமாக்கியவர்கள் ஃபிரான்சஸ் குட்ரிச், அல்பேர்ட் ஹக்கெட் என்ற தம்பதியர். 1955 இல் நியூயோர்க்கில் மேடையேறி, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசையும் பெற்றது. பத்துப் பாத்திரங்கள், தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே களம் என்பதால் பாடசாலைகளுக்கு வசதியானது. ஆனால் அதன் முடிவு எனக்கு எப்போதும் உறுத்தும். மனிதர்கள் உள்ளத்தால் நல்லவர்களே என்று தான் இன்னமும் நம்புவதாக ஆன் எழுதிய வரியோடு நாடகம் நிறைவடைகிறது. நாட்குறிப்பில் அவ்வரி 1944 யூலை 15 ஆம் திகதிக்குரியது. அதே பந்தியில், தங்களையும் அழிக்கப்போகும் இடிமுழக்கம் நெருங்கிவருவது தனக்குக் கேட்கிறது என்றும் அந்தப் பிள்ளை எழுதியிருக்கிறாள். ஓகஸ்ட் 4 ஆம் திகதி மறைவிடத்திலிருந்த எட்டுப் பேரும் பிடிபட்டார்கள். 1945 இன் தொடக்கத்தில் பேர்கன்-பெல்சன் முகாமில் ஆன் இறந்தபோது வயது 15. எட்டுப் பேரில் உயிர் தப்பியவர் தந்தை ஒட்டோ ஃபிராங்க் ஒருவரே. இவ்வளவையும் தெரிந்துகொண்டு, அந்த ஒரு வரியை மட்டும் கடைசியில் வைத்துப் பார்வையாளரை ஆறுதல்படுத்தி அனுப்புவதை என் மனம் ஒப்பவில்லை. வன்னியில் வந்து அமரும் தாய்மார் அந்த ஆறுதலை ஏற்கவும் மாட்டார்கள். தவிர, உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதை மொழிபெயர்க்கவோ மேடையேற்றவோ முடியாது.

நான் சொல்லவருவது வேறு நாடகம். தாகூரின் 'தபால் நிலையம்'. இதற்கும் யூதர்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். போலந்தின் தலைநகரான வார்சோவில் யூதச் சிறுவர்களுக்கான அனாதை இல்லம் ஒன்றை 1912 முதல் நடத்தியவர் யானுஷ் கோர்ச்சாக். குழந்தை மருத்துவர், எழுத்தாளர். பிள்ளைகளே நீதிபதிகளாக அமரும் நீதிமன்றத்தைத் தம் இல்லத்தில் ஏற்படுத்தி, தம் மீதும் அங்கு வழக்குத் தொடரலாம் என்று சொன்ன மனிதர். நாசிகள் வார்சோவின் யூதர்களை மதிலுக்குள் அடைத்தபோது இல்லமும் உள்ளே போக நேர்ந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சில சதுரக் கிலோமீற்றருக்குள் நெருக்கப்பட்டு, பசியாலும் காய்ச்சலாலும் தெருவில் விழுந்து இறந்துகொண்டிருந்த இடம் அது. அங்கே, 1942 யூலை 18 ஆம் திகதி, கோர்ச்சாக்கின் பிள்ளைகள் தாகூரின் இந்த நாடகத்தைப் போலந்து மொழியில் நடித்தார்கள். நான்கு நாட்கள் கழித்து, யூலை 22 இல், வார்சோவிலிருந்து திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு மக்களை ஏற்றிச் செல்வது தொடங்கியது. ஓகஸ்ட் முதல் வாரத்தில் ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளோடும் பணியாளர்களோடும் கோர்ச்சாக்கும் கொண்டுசெல்லப்பட்டார். தப்பிச் செல்லக் கிடைத்த வாய்ப்புகளை அவர் ஏற்கவில்லை. ஒருவரும் திரும்பவில்லை.

நாடகமோ மிக எளியது. அமல் என்ற நோயாளிச் சிறுவன். வெளிக்காற்றுப் படக்கூடாது என்று வைத்தியர் சொன்னதால் வீட்டுக்குள் இருத்தப்பட்டவன். அவனுக்கு உலகம் என்பது ஒரு ஜன்னல். தெருவில் போகும் தயிர்க்காரர், காவற்காரர், பூப்பறிக்கும் சுதா, விளையாடப் போகும் பையன்கள் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசுகிறான். எதிரே அரசரின் தபால் நிலையம் திறந்திருக்கிறது. தனக்கும் ஒரு நாள் கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். மேடைக்கு வேண்டியது ஒரு கட்டில், ஒரு ஜன்னற் சட்டம். தயிர்க்காரர் போல் கூவிக் காட்டும்படி அமல் கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஏ-9 வீதியோரம் சட்டித்தயிர் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் அந்தக் காட்சியை எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டார்கள்.

தாகூர் 1941 இல் காலமானவர். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகளோடு உரிமை முடிவடைகிறது. ஆகவே மூலத்துக்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வேறொருவரின் தமிழ் மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினால் மட்டும் அவருடைய உரிமையைக் கவனியுங்கள்.


பதில் 2
எழுதியவர்: வரலாறு கற்பிப்பவர், வவுனியா

ரீச்சரின் கருத்தை மதிக்கிறேன். எனினும் ஒரு மறுப்பைச் சொல்லியாக வேண்டும். 'தபால் நிலையம்' யூத இனப்படுகொலை பற்றிய நாடகம் அன்று. அதை அப்படியே மேடையேற்றினால் பார்ப்பவர் நோயாளிப் பிள்ளையின் கதையைப் பார்த்துவிட்டுப் போவார். கொன்றவர் யார், ஏன் கொன்றார்கள், கொல்லப்பட்டவர்கள் யூதர்கள் என்பதற்காகவே கொல்லப்பட்டார்கள் என்பன எங்கே வரும்? பிள்ளைகள் கேட்டது வரலாற்றை. அந்த வரலாறு நாடகத்துக்குள் வரவேண்டும்.

திரைப்படத்தை நாடகமாக்கும் யோசனையை இப்போதே கைவிடச் சொல்லுங்கள். அந்தக் கதை வெளிவந்த நாவலை, இந்த வரலாற்றைக் கற்பவர்களும் கற்பிப்பவர்களும் தவிர்க்க வேண்டும் என்று, நாசிகளின் கொலைமுகாமாக இருந்த அவுஷ்விட்சில் உள்ள நினைவகமே 2020 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னது. அவுஷ்விட்சுக்குக் கொண்டுவரப்பட்ட ஒன்பது வயதுப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் வந்திறங்கிய அன்றே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். கம்பிவேலியருகே நாள்தோறும் வந்திருந்து கதைபேச அவர்களுக்கு வாழ்நாளே தரப்படவில்லை. அதைவிடக் கவலைக்குரியது, அக்கதையின் முடிவில் பார்வையாளர் கண்ணீர் விடுவது முகாம் அதிகாரியின் மகனுக்காக என்பது.

உயர்தர மாணவர்களாக இருந்தால், ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் ஹிட்லர் ஆட்சியைப் பற்றி எழுதிய 'மூன்றாம் ரைக்கின் அச்சமும் அவலமும்' தொகுதியிலிருந்து 'யூத மனைவி' காட்சியைச் சொல்வேன். கணவனின் வேலைக்குத் தன் பிறப்பால் கேடு வந்துவிடக்கூடாது என்று ஒருத்தி பெட்டி கட்டுகிறாள். அறிந்தவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து விடைபெறுகிறாள். கணவன் வந்து, சில கிழமைகளுக்குத்தானே என்கிறான். சொல்லிக்கொண்டே குளிர்காலத்துக்கான ரோம மேலங்கியை எடுத்து நீட்டுகிறான். அப்போது இளவேனிற்காலம். நடிகர் இருவர், அடியோ உதையோ இல்லை, ஆனால் ஒரு சமூகம் எப்படிக் கைகழுவுகிறது என்பது முழுவதும் அதில் இருக்கிறது. பிரெக்ட் 1956 இல் காலமானதால் உரிமை 2026 முடியும்வரை உண்டு என்பதை மறக்கவேண்டாம். இருபது பிள்ளைகளுக்கு இடமில்லாத காட்சி என்பதும் உண்மைதான்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு தகவல். வார்சோவைக் காட்டுகிறீர்கள் என்றால், யூதர்களின் அடையாளமாக நாசிகள் வேறு இடங்களில் அணிவித்த மஞ்சள் நட்சத்திரத்தைத் தைக்காதீர்கள். அங்கே கட்டாயமாக்கப்பட்டது நீல நட்சத்திரம் பொறித்த வெள்ளைக் கைப்பட்டி. அதுவும் சிறு பிள்ளைகளுக்கு இல்லை. கோர்ச்சாக் அதை அணிய மறுத்துச் சிறை சென்றவர்.


பதில் 3
எழுதியவர்: உளசமூகப் பணியாளர், புதுக்குடியிருப்பு

தம்பி, நான் நாடகம் அறிந்தவள் அல்லள். உங்கள் முன்வரிசையில் அமரப்போகும் மக்களோடு நீண்டகாலமாக வேலை செய்பவள் என்ற வகையில் எழுதுகிறேன்.

வாஷிங்டனில் உள்ள ஐக்கிய அமெரிக்க இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் ஆசிரியர்களுக்கான வழிகாட்டலில் இரண்டு விடயங்களை வலியுறுத்துகிறது. முகாமை, புகையிரதப் பெட்டியை, கைதுசெய்வதைப் பிள்ளைகள் 'அனுபவித்து' உணரும்படி செய்துகாட்டும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும் என்பது ஒன்று. ஒருவருடைய துன்பத்தை இன்னொருவருடைய துன்பத்தோடு வைத்து அளக்கக்கூடாது என்பது மற்றது. இரண்டும் நமக்காகவே எழுதியது போல இருக்கின்றன. மேடையில் சீருடைக்காரர் கத்திக்கொண்டு வருவதும், பிள்ளைகள் வரிசையில் போவதும், வெடிச்சத்தமும் வேண்டவே வேண்டாம். நாடகத்துக்காக ஒலிபெருக்கியில் போடும் வெடிச்சத்தம், திறந்த மண்டபத்தின் பின்பக்கம் நிற்கும் ஒரு தகப்பனுக்கு நாடகமாகக் கேட்காது.

அந்த வகையில் ரீச்சர் சொன்ன நாடகம் எனக்குச் சரியாகப் படுகிறது. எனினும் ஓர் எச்சரிக்கை. பிள்ளைகள் மரணத்தை அமைதியாக ஏற்கப் பழகட்டும் என்பதற்காகவே இந்த நாடகத்தைத் தேர்ந்ததாகக் கோர்ச்சாக் கூறினார் என்று சொல்லப்படுவது வழக்கம். அவர் நின்ற இடத்தில் நின்று அவர் பேசினார். அதை எடுத்து நம் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் வாழவேண்டிய பிள்ளைகள்.

இன்னொன்று. அமல் கடிதத்துக்காகக் காத்திருக்கும் காட்சியில் மண்டபம் மௌனமாகும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் பதில் கேட்டுப் போராடிவருகிறார்கள். அவர்களில் சிலர் உங்கள் மாணவர்களின் அம்மம்மாக்களாக இருக்கலாம். அந்தத் தொடர்பை மேடையில் ஒருவரும் வாய்திறந்து சொல்லவேண்டாம், அறிவிப்பாளரும் சொல்லவேண்டாம். பார்ப்பவர் விரும்பினால் தாமாகவே அங்கே போவார். விரும்பாதவருக்கு அது அமலின் கதையாகவே இருக்கட்டும். பெற்றோரை ஒத்திகை ஒன்றுக்கு முன்னதாகவே அழைத்துக் காட்டுங்கள். எழுந்து போக விரும்புகிறவர் போகலாம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். நடிக்கும் பிள்ளைகளில் எவராவது ஒத்திகைக்குப் பிறகு வழமைக்கு மாறாக அமைதியானால், காரணம் கேட்டு வற்புறுத்தாமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருங்கள்.


கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பிள்ளைகளிடம் கோர்ச்சாக்கைப் பற்றிச் சொன்னேன். அவருடைய இல்லத்துப் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள் என்றதும் முதலில் வந்த கேள்வி, அமலாக நடித்தவர் யார் என்பது. அடுத்தது, அவர்கள் உடுப்புக்கு என்ன செய்தார்கள் என்பது. பசியில் இருந்த பிள்ளைகள் வசனம் பாடமாக்கியிருக்கிறார்கள் என்பது அவர்களைத் தொட்டுவிட்டது. 'தபால் நிலையம்' என்று முடிவுசெய்துவிட்டோம். பிஜாமாக் கதைக்காக வாதாடியவர்களும், வவுனியா சேர் எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

ஆனால் அவர் எழுப்பிய மறுப்பு நியாயமானது. வரலாறு இல்லாமல் இதை மேடையேற்றினால் நோக்கமே இல்லாமற்போகும். நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்று, யூலை 18, யூலை 22, திரெப்ளிங்கா என்று சொல்லி முடிப்பதாக ஒரு வடிவம் எழுதிப் பார்த்தேன். ஒத்திகையில் கேட்டபோது அது சபையை அடிப்பது போல இருந்தது. கடைசி வசனம் சுதாவுடையது. தூங்கும் அமலின் காதில், சுதா உன்னை மறக்கவில்லை என்று சொல்லும்படி கேட்கிறாள். அதன்மேல் எதைச் சொன்னாலும் ஒட்டவில்லை. சொல்லாமலும் விடமுடியாது. என்ன செய்யலாம்?


பதில் 4
எழுதியவர்: ஓய்வுபெற்ற நாடக ஆசிரியை, கிளிநொச்சி

சேர், முழுவதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கூத்தில் கட்டியகாரன் வந்து, யாருடைய கதை நடக்கப்போகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவான். முல்லைத்தீவில் கோவலன் கூத்துப் பார்க்க விடியவிடிய இருக்கும் சனத்துக்குக் கோவலன் வெட்டுப்படுவான் என்பது தெரியாதா? தெரிந்துகொண்டேதான் பார்க்கிறார்கள், தெரிந்திருப்பதால்தான் அவன் சிலம்பைக் கையில் எடுக்கும்போது நெஞ்சு பதறுகிறது. அதுபோல இரண்டு பிள்ளைகள் சாதாரண வெள்ளை உடுப்போடு முன்னே வந்து, கைப்பட்டியோ சீருடையோ இல்லாமல், உரத்துப் பேசாமல், நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். வார்சோ, மதில், கோர்ச்சாக், யூதர் என்பதற்காகவே அவர்களைக் கொல்ல நாசி அரசு எடுத்த முடிவு, திகதிகள், திரெப்ளிங்கா. நான்கைந்து நிமிடம் போதும். இன்று நாங்கள் நடிக்கப்போவது அந்தப் பிள்ளைகள் நடித்த நாடகம் என்று சொல்லிவிட்டு, அந்த இருவருமே ஜன்னற் சட்டத்தைத் தூக்கிவந்து நடுவில் வைக்கட்டும். அதன் பிறகு தயிர்க்காரர் கூவிக்கொண்டு வரும்போது சபை சிரிக்கும், சிரித்துக்கொண்டே எந்தப் பிள்ளைகளைப் பார்க்கிறோம் என்பதையும் அறிந்திருக்கும். வவுனியா சேர் கேட்ட வரலாறு அப்போது ஒவ்வொரு காட்சிக்குள்ளும் இருக்கும். முடிவில் சுதாவின் வசனத்தோடு நிறுத்தலாம், எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

ஊர்த்தலைவர் பாத்திரத்தைக் கோமாளியாக்காதீர்கள். வெறும் தாளைக் கொண்டுவந்து இதுதான் அரசர் அனுப்பிய கடிதம் என்று பிள்ளையைக் கேலிசெய்பவர் அவர். அவரைப் பார்த்துச் சபை சிரிக்கக்கூடாது. நல்ல குரல் உள்ள பெண்பிள்ளைக்குக் கொடுத்தாலும் பொருந்தும். இருபது பேருக்கும் இடம் வேண்டுமென்றால் தெருப்பையன்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள். அரச வைத்தியர் வந்து கதவுகளையும் ஜன்னல்களையும் திறக்கச் சொல்லும் இடத்தில், பகல் வெளிச்சம் உள்ள உங்கள் திறந்த மண்டபம் எங்கள் மண்டபத்தைவிட நன்றாக உதவும். அதுவரை பின்பக்கத்தைப் படங்கால் மறைத்து வைத்திருந்து, அப்போது அவிழ்த்துவிடுங்கள்.

எங்கள் ஜன்னற் சட்டம் பாடசாலைக் களஞ்சிய அறையில் இன்னமும் இருக்கிறது. பாலை மரம் என்பதால் பாரம் அதிகம், இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அதிபரிடம் சொல்லி வைக்கிறேன். பரந்தன் பக்கம் வரும் வாகனம் ஏதாவது இருந்தால் ஏற்றிச் செல்லலாம்.